பூங்காவனத்தைக் கட்டம் கட்டிய கதை

எங்கள் பூங்காவனம் அத்தை கையைத் தூக்கி ஒரு ‘வாழ்க’ போட்டால், ஆவடி ஃபேக்டரியில் பாதி செய்து வைத்திருக்கிற டாங்கி தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். அரக்கோணம் ரயில் திருமுல்லைவாயிலில் நின்று போவதே அந்தக் குரலுக்குப் பயந்துதான். ஒரு தடவை அவர் போட்ட ‘ஒழிக’, எதிர்க்கட்சி மேடையைத் தாண்டிப் போய் நசரத்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சீரியல் லைட்டை அணைத்துவிட்டது. இதற்கு மேல் சொன்னால் பொய் என்பீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

பொய் கலக்காமல் சொன்னால், அவருக்கு ஐம்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நட்டு போல்டு கம்பெனியில் பேக்கிங். வாரத்தில் ஆறு நாள் போல்டு, ஏழாவது நாள் கட்சி. இருபத்தொன்பது வருடமாக உறுப்பினர், வட்ட மகளிர் அணித் துணைச் செயலாளர். எங்கள் வட்டத்து ஓட்டர் லிஸ்டில் யார் செத்தார்கள், யார் பூந்தமல்லிக்குக் குடிபோனார்கள் என்பதை வரிசை எண்ணோடு சொல்லுவார். பிள்ளை இல்லை. கணவர் கோவிந்தன் இறந்தபோது கட்சிக்காரர்கள் கொடி போர்த்தி, சுடுகாடு வரை கூட நடந்தார்கள். அதை அத்தை எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவர் வீட்டுப் பின்பக்கப் போர்ஷனில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் அவர் தம்பி எத்திராஜ், அவரும் அதே கட்சி. நான் பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஃபிளெக்ஸ் பேனர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கட்சியை விட்டு நீக்கினால், கட்சிப் பத்திரிகையில் நாலு பக்கமும் கோடு போட்டு ஒரு சின்ன அறிவிப்பு வரும். ‘கட்டம் கட்டிட்டாங்க’ என்று சொல்வது அதைத்தான். போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பின அத்தை போனை என்னிடம் நீட்டினார்.

“கட்சி வாட்ஸ்அப் குரூப்புல இன்னாவோ போட்டுக்கீறானுங்க. என் பேர் மாதிரி கீது. படி.”

பத்திரிகைக் கட்டத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். கட்சிக் கட்டுப்பாட்டை மீறியும், கட்சிக்குக் களங்கம் ஏற்படும் வகையிலும் செயல்பட்டதால், பூங்காவனம் அடிப்படை உறுப்பினர் உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் எவரும் இவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.

“வேற பூங்காவனமா இருக்கும்” என்றார்.

“நம்ம வட்டம்னு போட்டுக்கீது அத்தே.”

“நான் இன்னா பண்ணேனாம்? கீழ பாரு, எழுதியிருப்பான்.”

கீழே பார்த்தேன். எழுதவில்லை. மறுபடி மேலே தள்ளிப் பார்ப்பதற்குள் குரூப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வட்டச் செயலாளர் பாண்டியனைப் பார்க்கக் கட்சி ஆபீசுக்குப் போனோம். அத்தை கையில் கட்சியின் விதிமுறைப் புத்தகம், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஒரு பக்கத்தை மடக்கி வைத்திருந்தார். ஒருவரை நீக்குவதற்கு முன் இன்ன குற்றம் என்று எழுத்தில் தர வேண்டும், பதில் சொல்லப் பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும், துணைக்குப் பேச ஓர் ஆளை அழைத்துவரலாம் என்று அந்தப் பக்கத்தில் அச்சடித்திருந்தது.

பாண்டியன் அத்தையைப் பார்க்கவே இல்லை. தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா, என்னைப் பார்த்துப் பேசினார்.

“மோகனா, அவங்கள ஊட்டுக்குப் போகச் சொல்லும்மா. இது தலைமை எடுத்த முடிவு.”

“தலைமைக்கு என் மூஞ்சி தெரியுமா பாண்டியா? நீ எழுதிக் குடுக்காம என் பேர் எப்டி அங்க போச்சி?”

“அது உள்விவகாரம்னு சொல்லு மோகனா.”

“சரி, இந்தா புக்கு. மடிச்சி வச்சிக்கீறேன், நீயே படி.”

பாண்டியன் கை நீட்டவில்லை. “இந்தப் புக்கு உறுப்பினருங்களுக்கு. இவங்க இப்ப உறுப்பினர் இல்ல.”

“தூக்கறதுக்கு முன்னாடி உறுப்பினர்தானேடா.”

“அப்ப நீ கேக்கலியேக்கா” என்று பாண்டியன் அவசரத்தில் நேராக அவரிடமே சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று வாசல் பக்கம் திரும்பினார்.

அதன்பிறகு தலைமை அலுவலகத்துக்கு மூன்று பதிவுத் தபால் போயிற்று. ‘நான் செய்த தவறு என்ன என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.’ எழுதியது நான், கையெழுத்து அவர். மூன்று தடவையும் ஒப்புகை அட்டை மட்டும் நீல முத்திரையோடு திரும்பி வந்தது. முத்திரைக்குள் ஏதாவது பதில் இருக்குமோ என்பதுபோல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

கட்டம் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் அத்தை போர்ஷனில் இருக்கிறது. எத்திராஜ் மாமா காலையில் படிக்கட்டில் நின்று ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வார்: “தொட்டில தண்ணி தீந்த மாதிரி கீது.” அத்தை சுவிட்சைப் போட்டுவிட்டுச் சுவரிடம் சொல்வார்: “நெறஞ்சா யாராவது சொன்னா தேவல.” இரண்டு நாள் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு வரவில்லை.

“இன்னா மாமா, கூடப் பொறந்தவங்கதானே. எதுக்குத் தூக்கனாங்கன்னாவது கேட்டியா?” என்று அவரை மடக்கினேன்.

“கேட்டா, ஏன் கேட்டேன்னு என்னயும் கட்டம் கட்டுவான். நீ சின்னப் பொண்ணு, போ” என்றார்.

அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மாமா மேலே போனதும் என்னிடம் கேட்டார்: “தொடர்பு வச்சிக்கக் கூடாதுன்னா, சாவுக்கும் சேத்துதானாடி?”

“அதுக்குப் புக்குல பக்கம் இல்ல அத்தே” என்றேன்.

நீக்கியதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். எதற்கு என்று தெரியாததுதான் அவரைத் தின்றது. இருபத்தொன்பது வருடத்தையும் துவைத்துப் பிழிந்து, தன்மேல் தானே மூன்று குற்றம் கண்டுபிடித்தார். ஒரு சாவு வீட்டில் எதிர்க்கட்சி வேட்பாளரோடு போட்டோவில் விழுந்தது. மகளிர் அணிக் கூட்டத்தில், கால்வாய் வேலை ஏன் பாதியில் நிற்கிறது என்று பாண்டியனைக் கேட்டது. ஆவடி மாநாட்டுக்குப் போகாதது. காலையில் அரிசி களைந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிப் பார்ப்பார். எதிரே அடுப்பும் குக்கரும் மட்டும் இருக்கும். “ஐயா, சாவு ஊட்ல கட்சி பாக்க முடியுமாய்யா” என்பார். கொஞ்சம் நிறுத்தி, இரண்டு ‘ஐயா’வையும் எடுத்துவிட்டு மறுபடி சொல்வார். இப்படி ஆறு மாதம்.

அந்தக் கட்சிக்கு லெட்டர் பேடு அடிப்பது எங்கள் கடைதான், ஃபைல் என் கம்ப்யூட்டரில்தான். கல்லு மாதிரி உயிரோடு இருந்த எங்கள் முதலாளியின் மச்சானுக்கே ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் அடித்து அவர் வாசலில் கட்டியவள் நான். இதையும் விளையாட்டுக்குத்தான் செய்தேன், வேறு ஒன்றுமில்லை. ‘ஒழுங்கு நடவடிக்கைக் குழு’ என்று தலைப்புப் போட்டேன். ‘அன்புடையீர்’ என்று தொடங்கி, அந்த மூன்று குற்றங்களையும் எழுதினேன். பதினைந்து நாள், துணைக்கு ஓர் ஆள், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. கீழே யாருக்கும் புரியாத ஒரு கையெழுத்து. எங்கள் ஊர் முத்திரை விழக்கூடாது என்று அம்பத்தூர் போய்த் தபாலில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்து, மடித்து விதிமுறைப் புத்தகத்துக்குள் வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார்.

“பேப்பர் எட்த்துக்கினு வா. பதில் எழுதணும்.”

மூன்று சாயங்காலம் எழுதினோம். நானே கேட்ட கேள்விக்கு நானே பதில் எழுதினேன்.

“மொதல்து. செத்துப் போனது எங்கூட பேக்கிங்ல இருந்த சகாயமேரி. அவ தலமாட்டுல உக்காந்துகினு, ஜெபம் சொல்லத் தெரியாம அழுதுகினு இருந்தேன். மாலை போட எவன் வந்தான்னு நிமுந்து பாக்கல.”

நான் அதைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றப் போனேன். “நான் சொல்ற மாதிரியே எழுது” என்றார்.

“ரெண்டாவது. கால்வாய கேட்டேன், ஆமா. மழ வந்தா என் ஊட்டுக்குள்ள தண்ணி வருது. எங்கட்சிய கேக்காம எதிர்க்கட்சியவா போயி கேப்பேன்?”

மூன்றாவதற்குத்தான் நேரம் எடுத்தார். “மாநாட்டுக்கு நாலு ஷேர் ஆட்டோல பொம்பளைங்கள ஏத்தி உட்டேன். கடேசி ஆட்டோல எனக்கு எடம் இல்ல.”

இது எனக்கே தெரியாது. பேனா நின்றுவிட்டது.

“எழுதுடி. கடேசில இத்தயும் போடு. தப்புன்னா தூக்குங்க. என்னக் கேட்டுட்டுத் தூக்குங்க.”

கையெழுத்துப் போட்டார். மடித்துக் கவரில் வைத்தேன். “ரிஜிஸ்தர்ல போட்டுடவா அத்தே?”

“எதுக்கு வீணா அலைஞ்சிகினு. உன்னாண்டயே இருக்கட்டும்.”

“ஏன் அத்தே?” என்றேன்.

“மொத வரிலயே தெரிஞ்சிட்ச்சி” என்றார். “அன்புடையீராம். பதினஞ்சு நாளாம். புக்குல கீறத அப்டியே பண்றானே, இவன் நம்ம கட்சிக்காரனே இல்லன்னு.”

“அப்ப எதுக்கு அத்தே மூணு நாளா எழுதச் சொன்னே?”

“நீயாவது கேட்டே இல்ல. அதான் சொன்னேன்.”

எழுந்து புடவையை உதறிக்கொண்டார். சமையல்கட்டுப் பக்கம் போனவர் பாதியில் நின்றார்.

“சரி, விசாரிச்சாச்சி. நாளைக்குக் கடைக்குப் போனதும் என்னத் தூக்கிட்டதா ஒரு லெட்டர் அடிச்சிக் குடு. களங்கம் கிளங்கம்னு போடாத. எதுக்குன்னு காரணம் எழுது.”