இன்ஸ்பெக்டருக்காக ஒரு மருந்துப் பெட்டி

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து பெரிய கப்பல்கள் உள்ளேயே வந்து நிற்க ஆரம்பித்திருந்த சமயம். நாசரேத் பக்கத்தில் மிஷன் பள்ளியில் படித்த எனக்கு ஹார்பரில் வேலை நிச்சயம் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கிடைத்தது என்னவோ ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை வேலை. அளத்து வரப்பில் ஏறி நின்றால் கப்பலின் புகைபோக்கி தெரியும். அதனால் அப்பா சொன்னது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

எங்கள் ஆபீஸ் என்பது ஓர் ஓலைக் கொட்டகை. அதில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, நடுவில் சிவப்புச் சிலுவை போட்ட ஒரு தகரப் பெட்டி தொங்கும். முதலுதவிப் பெட்டி. உள்ளே பஞ்சு, கட்டுத்துணி, டிஞ்சர், களிம்பு எல்லாம் பிரிக்காமல் அப்படியே இருக்கும். லேபர் இன்ஸ்பெக்டர் வரும்போது பெட்டி நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். நிறைந்திருக்க வேண்டுமென்றால் யாரும் அதைத் தொடக் கூடாது என்பது எங்கள் மேனேஜர் கண்டுபிடித்தது. பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. அதில் கால்வாசி கவனிப்பு அங்கே உப்பு வாரின ஜனங்களுக்குக் கிடைத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஒரு சித்திரை மாதம், நல்ல வெயில். உப்பு சுமக்கிற ஓர் அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். அளத்தில் எல்லோரும் என்னைக் கணக்கப்பிள்ளை என்பார்கள், அவள் மட்டும் தம்பி என்பாள். வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருந்த பலகையில் துருப்பிடித்த ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தலையில் உப்பு நிறைந்த ஓலைப்பெட்டியோடு வந்தவள் அதில் காலை வைத்துவிட்டாள். ஆணி பாதத்தில் ஆழமாக ஏறியிருந்தது.

"தம்பி, அந்தப் பெட்டியில கொஞ்சம் பஞ்சும் மருந்தும் இருந்தா தாங்களேன். உப்புத்தண்ணி பட்டா உயிரு போவுது."

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. திறந்து கொடுத்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, பயம். "இருங்கக்கா, கேட்டுட்டு வாரேன்" என்று மேனேஜரிடம் ஓடினேன். அவர் கொட்டகைக்குப் பின்பக்கம் நிழலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"என்னவே நீரு, அது இன்ஸ்பெக்டருக்குல்லா வாங்கி வச்சிருக்கு! அவ நாள் முழுக்க உப்புலதான நிக்கா? கருவாடு கெட்டுப்போயி எங்கனயாவது பாத்திருக்கீரா?"

நான் சிரித்துவிட்டேன். மேனேஜர் ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே வந்துவிட்டது. வாசலில் நின்ற அவளுக்கும் அது கேட்டிருக்கும். முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து, அரிக்கன் விளக்கிலிருந்த மண்ணெண்ணெயில் நனைத்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் பாத்தியில் இறங்கினாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். வராவிட்டால் அடுப்பு எரியாது. கால் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டு போனது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேனேஜர் அவளைப் பார்த்துவிட்டு, "ஏளா, இங்கன நொண்டிக்கிட்டு நிக்காத. அம்பாரத்துக்குப் பின்னால போயி உக்காரு" என்றார். மலை மாதிரி குவித்திருந்த உப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

ஜீப்பில் வந்து இறங்கியவர் இளநீர் குடித்தார். பெட்டியைக் காட்டச் சொன்னார். பூட்டை நான் திறந்தேன், மூடியை அவரே திறக்கப் போனார். உப்புக் காற்றில் அரித்துப்போன தகர விளிம்பு அவருடைய பெருவிரலைக் கீறிவிட்டது. கீறல்தான், இரண்டு சொட்டு ரத்தம் வந்திருக்கும். மேனேஜர் பதறிப்போனார். "வே கணக்கப்பிள்ள, பஞ்ச எடும்! டிஞ்சர எடும்! என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு!" பிரிக்காத பஞ்சைப் பிரித்து, டிஞ்சர் வைத்து, நான்தான் கட்டுப் போட்டேன். கட்டி முடித்தபோது அந்த விரல் கத்திரிக்காய் தண்டிக்குப் பருத்திருந்தது. முதலுதவி நோட்டில் எழுதச் சொன்னார்கள். அதையும் நானே எழுதினேன். அந்த வருஷம் முழுக்க எங்கள் அளத்தில் பதிவான ஒரே காயம் இன்ஸ்பெக்டர் ஐயாவின் பெருவிரல்தான்.

அடுத்த வாரம் அந்த அக்கா வேலைக்கு வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள், காலை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வேலையில் பட்ட காயம் என்று ஒரு லெட்டர் கேட்டு அவள் புருஷன் வந்து நின்றான். மேனேஜர் நோட்டை எடுத்து அவன் முன்னால் விரித்தார். "பாத்துக்கிடும், இதுல உம்ம பொண்டாட்டி பேரு இருக்கா? வீட்டுல எங்கனயாவது மிதிச்சிருப்பா." அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்குக் கட்டில் கிடைக்கவில்லை, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். நாலு ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். அவள் ஏசுவாள், அழுவாள், சாபம் விடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"ஆபீசர் வந்துட்டுப் போயிட்டாராமே. பெட்டில ஒண்ணும் கொறையலல்லா? உங்கள யாரும் ஏசலையே தம்பி?"

"இல்லக்கா" என்றேன்.

"அது போதும். புது வேலைல்லா" என்றாள்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி மதில் ஓரம் நின்று அழுதேன். அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை, இன்னும் மூன்று வருஷம் அங்கேதான் இருந்தேன். அந்த மேனேஜரை நினைத்தால் இன்றும் என்னால் வாய்நிறையத் திட்ட முடிகிறது. ஆனால் ஒரு காலை இழந்துவிட்டு என் வேலைக்காகக் கவலைப்பட்ட அந்த அக்காவுக்கு, இந்த வயதிலும் மனசுக்குள்கூட என்னால் ஒரு பதில் சொல்ல முடியவில்லை.