நான்காம் பாகமும் சிவப்பு மை கார்டுகளும்

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்த இரண்டாம் வருடம், ஒரு சினிமாப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியவற்றில் எதுவும் என்னை அந்தப் பாடு படுத்தியதில்லை.

சிறு வயதில் நாங்களெல்லாம் பார்த்துப் பயந்த, பயந்துகொண்டே சிரித்த ஒரு பேய்ப்படம் இருந்தது. மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களா, அதில் ஒரு பேய், தன் நிழலைக் கண்டே நடுங்கும் ஒரு சமையல்காரர். சமையல்காரராக நடித்தவருக்காகவே இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் வந்தன. பிறகு அவர் உடல்நலமில்லாமல் நடிப்பை விட்டார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கத்தில், வேறொரு இளம் நடிகரைச் சமையல்காரராகப் போட்டு நான்காம் பாகம் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. பத்திரிகையில் வாரம்தோறும் ரசிகர்களின் கோபம். எடுக்கவே கூடாது என்றார்கள், எடுத்தால் தியேட்டரில் ஓடவிட மாட்டோம் என்றார்கள். நான் எழுதியது ஐந்தே வரி. மூன்றாம் பாகத்திலேயே சிரிப்பு வற்றிவிட்டது, புதியவரைப் பார்த்துவிட்டுப் பேசுவோமே என்று. என் பெயரோடு தெருப் பெயரையும் சேர்த்தே அச்சிட்டுவிட்டார்கள்.

முதலில் வந்த கார்டுகள் மரியாதையானவைதான். தென்காசியிலிருந்து ஒருவர், ஆஸ்பத்திரியில் கிடந்த தன் அப்பாவைக் கடைசியாகச் சிரிக்க வைத்தவர் அந்தச் சமையல்காரர்தான் என்றும், அந்த இடத்தில் வேறொரு முகத்தைத் தன்னால் பார்க்க முடியாது என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மூன்றாம் வாரம் சிவப்பு மையில் ஒரு கார்டு வந்தது. கையெழுத்து இல்லை. பங்களாவில் விளக்கு அணைவதுபோல உன் வீட்டிலும் அணையும் என்று இருந்தது. கிறுக்கன் எவனோ என்று கிழித்துப் போட்டேன். நான்கு நாள் கழித்து அடுத்தது வந்தது. 'செவ்வாய்க்கிழமை பச்சை வாளியோடு மாடிக்கு வந்தாய். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லையே.'

மொட்டைமாடியில் துணி காயப்போட நான் கொண்டுபோவது பச்சை வாளிதான்.

சாலைக் கடைத்தெருவின் பின்புறச் சந்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். கணவர் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டால் பகல் முழுதும் நான் தனி. அன்றைக்கு ஜன்னல்களைச் சாத்தித் தாழிட்டேன். துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். அது ஈரம் காயாமல் நாறியது. மூன்று நாளில் இன்னொரு கார்டு: 'ஏன் மாடிக்கு வருவதில்லை?' தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கதவையும் தாழிட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

கணவரிடம் அந்தக் கார்டைக் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் அந்தப் பழைய நடிகருக்கு ஒரு ரசிகர் மன்றம் இருப்பதாகவும், சுமட்டுக்காரர்கள்தான் அதில் அதிகம் என்றும், அவர்களோடு வம்பு வைத்துக்கொண்டால் கடைத்தெருவில் நடமாட முடியாது என்றும் சொன்னார். சொன்னபோது அவர் குரலும் சரியாக இல்லை. மூட்டை தூக்கும் அந்த ஆட்களைத் தினமும் கடந்துதான் நான் காய்கறிக்குப் போவேன். அதன்பிறகு பழவங்காடி வழியாகச் சுற்றிப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளை. சரக்கு வந்ததென்று கணவரைக் கடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாடிப்படியில் பல கால்கள் ஏறும் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். நாலு பேர், தலையில் சுமட்டுத் துண்டு. கதவைத் தட்டினார்கள். நான் சமையலறைக்குள் போய் அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வெளியே அவர்களில் மூத்தவர் பேசினார். "திறக்க வேண்டாம் சேச்சி. அங்கனயே நின்னு கேட்டா போதும். ஒரு கடுதாசி எழுதணும், அதுக்காக்கும் வந்தது."

படம் எடுப்பவர்களுக்கு, எடுக்க வேண்டாம் என்று ஒரு மனு எழுத வேண்டுமாம். நான் அவர்களுக்கு எதிராக எழுதியவள் அல்லவா என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன்.

"அது எல்லாருக்கும் தெரியும். வாசிச்சுச் சொல்லக் கேட்டோம். நல்ல தமிழு. நாங்க படிச்சது முழுக்க மலையாளத்துலயாக்கும். தமிழு பேச வரும், எழுத அறியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, கார்டுகள் எல்லாம் தமிழில் இருந்தன. ஜன்னலைத் திறந்தேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அப்படியென்றால் இதை எழுதியது யார் என்று பச்சை வாளிக் கார்டை நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாசிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார். எனக்கு வந்த மிரட்டலை நானே நாலு ஆண்களுக்கு உரக்க வாசித்தேன். மூத்தவர் மட்டும் மொட்டைமாடிக்கு ஏறிப்போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்கினார். எங்கள் மாடி தெரிவது எதிர்ச்சந்து லாட்ஜின் மேல்மாடியிலிருந்து மட்டும்தான் என்றார்.

மறுநாளே அவர்கள் லாட்ஜுக்குப் போய் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். லாட்ஜ் அறையில் மேசைமேல் சிவப்புப் பேனாவும் எழுதாத கார்டுகளும் இருந்தனவாம். என் கணவரோடு அதே ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் விற்பனையாளர். ஓணத்துக்கு எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டவர். காற்றில் பறந்து விழுந்த என் சேலையை ஒருமுறை மடித்துக் கொண்டுவந்து கொடுத்து, சிரித்துவிட்டுப் போனவர். கேட்டதற்கு, "வெளயாட்டுக்குத்தான் எழுதினேன். பேய்ப்படந்தான, கொஞ்சம் பயந்து சிரிக்கட்டுமேன்னு" என்றாராம். அவர்கள் அவரை அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாளில் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கார்டுகள் நின்றன, பயம் நிற்கவில்லை. முன்பு முறைப்பவர்களைக் கண்டு பயந்தேன். இப்போது சிரிப்பவர்களைக் கண்டு பயந்தேன். தெருவில் யாராவது நலம் விசாரித்தால் நின்று பேசாமல் நடையை எட்டிப் போட்டேன்.

மனுவை எழுதிக் கொடுத்தேன். எனக்கு உடன்பாடில்லாத விஷயம்தான், ஆனாலும் இரண்டு பக்கம், என்னால் முடிந்தவரை நன்றாகவே எழுதினேன். பதிலும் வரவில்லை, படமும் நிற்கவில்லை. அடுத்த வருடம் வெளியான அன்று மன்றத்துக்காரர்கள் தியேட்டர் வாசலில் கறுப்புத் துணி கட்டி நின்றார்கள். இரண்டாம் வாரம் மதியக் காட்சிக்கு நானும் கணவரும் போனபோது, மூத்தவர் டிக்கெட்டோடு வரிசையில் நின்றார். மூன்றாம் தடவையாம். "மோசமில்ல, கேட்டியளா. ஆனா அவரு அவருதான்" என்றார், எங்களைப் பார்க்காமல்.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. புதியவர் நன்றாகத்தான் செய்திருக்க வேண்டும். எனக்கு உறுதியாகத் தெரியாது. இடைவேளைக்குப் பிறகு நான் திரையைப் பார்த்ததைவிட, பின்வரிசையில் யார் யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம்.