இருப்பில் இல்லாத மருந்து

டாக்டர் ஜெசிந்தா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, மரக்காணம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் அவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுத்தவன் நான். அஞ்சலி பேனரில் ‘சாந்தமே உருவானவர்’ என்று போட்டிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த எங்களுக்குத் தெரியும், அது சுத்தப் பொய்.

அரசாங்கத்தின் சிகிச்சை வழிகாட்டிப் புத்தகம் எல்லா ஊருக்கும்தான் வந்தது. பல இடங்களில் நேராக பீரோவுக்குப் போனது. இவரோ மேசையிலேயே வைத்துக்கொண்டு, “இத நம்ம ஊர்ல எப்படி செய்யறது?” என்று வரிக்கு வரி எங்கள் உயிரை எடுத்தார்.

உப்பளத்தில் வேலை செய்யும் காசியம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. புத்தகத்தில் உள்ளபடி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரை அடக்கக் கூடாது என்றார் டாக்டர்.

“குடிச்சிட்டு எங்க போறது டாக்டரம்மா? சுத்தி வெட்டவெளி, ஆம்பளைங்க நிக்கிறாங்க. அதான் வேலை முடியற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கிறதில்ல.”

டாக்டர் சீட்டில் மாத்திரைக்குக் கீழே எழுதினார்: ‘உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை – ஒன்று.’

சீட்டோடு கோபமாக உள்ளே போனேன். “இதுக்கு நான் எங்க போவேன் டாக்டர்?”

“இல்லாத மருந்துக்கு என்ன செய்வீங்க?”

“இருப்பில் இல்லைன்னு சீல் குத்துவேன்.”

“அப்போ குத்துங்க.”

அதே தொல்லையோடு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் குத்தினேன். அந்தச் சீட்டுகளைத் திரட்டிக்கொண்டு அவர்கள் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போனார்கள். மருந்தைத் தவிர எதுவும் எழுதக் கூடாது என்று டாக்டருக்கு மெமோ வந்தது. புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்து, ‘இதுவும் சிகிச்சைதான்’ என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். அடுத்த மெமோ எனக்குத்தான் என்று சீலை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

“பயமா இருந்தா குத்தாதீங்க. ஆனா இல்லாதத இருக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றார்.

காசியம்மாவின் உப்பளத்தில் கழிப்பறை வந்தது. பக்கத்து உப்பளத்தில் இன்னும் வரவில்லை.

டாக்டரை அடக்கம் செய்த மறுநாள், அந்தப் பக்கத்து உப்பளத்திலிருந்து ஒரு பெண் அதே நோயோடு வந்தாள். ஜெசிந்தாவின் இடத்துக்குத் தற்காலிகமாக வந்திருக்கும் டாக்டர் பேனாவைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“அந்த வரிய எழுதினா மெமோ வருமாமே?”

ஜெசிந்தா எனக்கு விட்டுப்போனது துணிச்சல் மட்டும்தான். சீல் அரசாங்கத்துடையது.

“வரும் டாக்டர். இந்த வாட்டி ரெண்டு பேருக்கும் வரட்டும். நீங்க எழுதுங்க.”

அவர் எழுதினார். நான் ஓங்கிக் குத்தினேன்.