சுவரைப் பார்த்து நின்ற பிள்ளைகள்

காலை வழிபாடு முடிந்த நேரத்தில் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. தலைமைக் காவலர் செல்வராணி அம்மா மாரடைப்பில் காலமாகிவிட்டார். அன்று பிற்பகல் எங்கள் பள்ளியில் அவருக்கு வகுப்பு இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், போதைக்கு எதிராகப் பேச அவர் பென்னாகரம் பக்கத்திலுள்ள எங்கள் பள்ளிக்கு முதன்முதலாக வந்தபோது, உறுதிமொழி வாசித்து, டீ குடித்துக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஷூவைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் நடந்தார். ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து, "கண்ணு, ஒண்ணே ஒண்ணுதான். அசதியே தெரியாது. அக்கா இருக்கறன்ல?" என்றார். "வேண்டாங்க" என்று சொன்ன பிறகே கண் திறக்கலாம்.

அது அவருடைய குரலே இல்லை. அதிலிருந்த பாசத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. ஏன் அந்தக் குரல் என்று கேட்டேன்.

"விக்கிறவங்க மொறச்சிக்கிட்டா வருவாங்க சார்? எந் தம்பிகிட்ட இப்படித்தான் பேசுனாங்களாம். ஆஸ்பத்திரியில கடைசியா சொன்னான்" என்றார்.

சென்ற மாத வகுப்பில், பள்ளியின் ஓட்டக்காரி சங்கீதா வாயே திறக்கவில்லை. அம்மா இரண்டாம் முறை கேட்டார். மூடிய கண்ணோடு அவள் கேட்டாள்:

"நேத்து பஸ் ஸ்டாண்டுலயும் நீங்கதான பேசுனீங்க மேடம்?"

அம்மா முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு பக்கமே போகவில்லை. சங்கீதாவின் ஜாமெட்ரி பாக்ஸில் காகிதத்தில் மடித்த இரண்டு மாத்திரைகள் இருந்தன. அன்று மாலைப் போட்டிக்கு முன் விழுங்கச் சொல்லியிருந்தார்களாம். அம்மா சீருடையோடு தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். தினமும் பார்க்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டேன். விற்றவளை அம்மா இரண்டே நாளில் பிடித்தார்.

"எல்லாருக்கும் ஒரே குரல்தான் சார்" என்று மட்டும் சொன்னார்.

போன் வந்த அன்று பிற்பகல், அம்மாவின் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளிடம் செய்தியைச் சொன்னேன். சங்கீதா எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். மற்றவர்களும் வரிசையாக நின்று கண்ணை மூடினார்கள். அவர்களுக்குப் பின்னால் வெறும் தரைதான் இருந்தது. கதவோரம் நின்ற பிள்ளை "வேண்டாங்க" என்றாள். ஓர் ஆள் ஓர் அடி எடுத்து வைக்கும் நேரம் கழித்து அடுத்தவன் சொன்னான். பிறகு அடுத்தவள். நான் மேசையருகிலேயே நின்றேன்.

கடைசியில் சங்கீதா. அவள் தலையைச் சற்றுச் சாய்த்துக் காதுகொடுத்தாள். பிறகு உரக்க, "வேண்டாங்க" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தாள்.

போய் வாருங்கள், அம்மா. நீங்கள் கேட்டது என் காதில் விழவில்லை. அவள் சொன்ன பதில் விழுந்தது.