பக்கத்து வீட்டுப் பியானோக்காரன்

லண்டன் எட்மண்டனில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் மாரெக்கின் பியானோ, இந்தப் பக்கம் என் போன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவோடு நான் கதைக்கத் தொடங்கியதும் பியானோ சட்டென்று நின்றுவிடும். முடித்ததும் மறுபடி தொடங்கும். என் சத்தம்தான் அவனுக்குத் தொல்லையாக்கும் என்று நினைத்து ஒருநாள் மன்னிப்புக் கேட்டு 'சொறி' சொல்லப் போனேன்.

"நோ, நோ," என்று கைகூப்பினான். "யுவர் ப்ரேயர். ஓம், ஓம், ஓம். ஐ ரெஸ்பெக்ட்."

அக்கா சொல்லும் ஊர்ப் புதினங்களுக்கு நான் போட்ட 'ஓம்' அது. எங்கள் தமிழில் அதற்கு 'யெஸ்' என்றுதான் அர்த்தம் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் என் மனைவி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து சிநேகிதம். போலந்தின் கிராகோவில் இசைக் கல்லூரியில் படித்தவன். லண்டன் வந்த புதிதில் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கினான். பிறகு ஹோட்டலில், யாரும் காதுகொடுக்காத இரவுச் சாப்பாட்டு வேளைகளில் வாசித்தான். இப்போது பாலே நடன வகுப்புகளுக்கு வாசிக்கிறான். அதைக் கேட்டபோது என் ஆரம்ப காலம் ஞாபகம் வந்தது. ஊரில் கணக்குப் படிப்பித்த நான் இங்கே பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்தேன். மீதிக் காசை எண்ணும்போது மட்டும் பழைய வாத்தியார் தலைகாட்டுவார்.

மாரெக் சொந்தமாக எழுதிய இசையை எவரும் கேட்டதில்லை. இந்த வசந்தத்தில் அருகிலுள்ள தேவாலயம் ஒரு மாலையை அவனுக்கு ஒதுக்கியது. "ஆள் வராவிட்டால் கிராகோவுக்கே திரும்பிவிடுவேன்," என்றான். பகிடியாகச் சொன்னாலும் முகம் வெளிறியிருந்தது.

வீட்டில் சொன்னேன். "ஆக்கள்தானே வேணும்? நான் கூட்டிக்கொண்டு வாறன்," என்றாள் மனைவி.

கோயிலில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டாள். பட்டுச்சேலைகளால் தேவாலயம் நிறைந்தது. ஒரே இசையின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியாது. முதற்பகுதி முடிந்ததுமே தட்டினோம். முன்வரிசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாரெக்கோ எழுந்து குனிந்து வணங்கிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தான். அடுத்த பகுதி முடிந்தபோது முன்வரிசையும் சேர்ந்து தட்டியது. கடைசியில் பாதிரியார் வந்து, இலையுதிர் காலத்திலும் வாசிக்க வேண்டும் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவன் தாய் கிராகோவிலிருந்து போன் எடுத்தாள். போலிஷில் ஏதோ சொன்னான். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் சிரித்தான்.

"வீட்டுக்குப் போறேன் என்றேன். எத்தனை மணிக்கு பிளைட் என்று அம்மா கேட்கிறார்."

எங்கள் தெருவில் இறங்கினோம். தாய் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள். போனைக் காதோடு அணைத்துப் பிடித்தபடி, மாரெக் மற்றக் கையால் கதவின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.