வெர்னா உள்ளே வரக் கூடாது

கிரேலிங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெர்னா ஹ்ரிசாக்கைப் போல் ஓர் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் இந்தச் சமவெளியிலேயே கிடையாது என்று. அதே மூச்சில், அவளை மட்டும் கடைசி ஆட்டத்துக்கு உள்ளே விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், வயது அறுபத்திரண்டு. பக்கத்து ஊர் செயின்ட் ஓமெரோடு கிரேலிங் இதுவரை மூன்று முறை கோப்பைக்கு மோதியிருக்கிறது. மூன்று முறையும் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய், மூன்றிலும் தோற்றது. மூன்றிலும் தோற்ற நேரத்தில் வெர்னா அரங்கத்துக்குள் இருந்தாள். முதல் முறை, பதினொரு விநாடி பாக்கியிருக்கையில், அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை, பக், சொந்த ஆட்டக்காரனின் காலணியிலேயே பட்டுச் சொந்த வலைக்குள் போயிற்று. அடுத்த முறை பக் கோல் கம்பத்தில் பட்டே மாளவில்லை, நாலு தடவை. அந்த ‘டங்’ சத்தம் இன்னமும் அவளுக்குப் பாத்திரம் கழுவும்போது கேட்கிறதாம். மூன்றாம் முறை அவள் விவரமாக வெளியேதான் நின்றாள். மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலை, ஐந்தே நிமிஷம் பாக்கி, இனி என்ன ஆகிவிடும் என்று கதவைத் திறந்து உள்ளே போனாள். நாலுக்கு மூன்று என்று தோற்றார்கள்.

அதற்குப் பிறகு ஊர் ஒரு முடிவெடுத்தது. அரங்க வாசலுக்கு நேரே, எஞ்சின் உறையாமலிருக்க மின்சாரம் செருகும் கம்பத்துக்குப் பக்கத்தில், வண்டி நிறுத்தும் ஓர் இடத்தில் ‘வெர்னா’ என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதிவிட்டார்கள். அணித்தலைவனே வந்து, “கோவிச்சுக்காதீங்க, வண்டியிலயே இருந்துடுங்க” என்று கேட்டுக்கொண்டான். அவள் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறாள்? மேயருக்கே அங்கே பெயர் எழுதின இடம் கிடையாது. ஆனால் செயின்ட் ஓமெரை வீழ்த்தும் கோலை ஒரே ஒரு தடவை தன் கண்ணால் பார்க்காமல் சாகக் கூடாது என்கிற ஆசை அவளுக்குள் கிடந்து அரித்துக்கொண்டுதான் இருந்தது.

இந்த மார்ச்சில் நாலாவது முறை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொரு டிகிரி குளிர், ஏழாவது ஆட்டம். கணவன் ஓரெஸ்ட் உள்ளே போய்விட்டான். வெர்னா வண்டிக்குள் ரேடியோவைப் போட்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வண்டியில் செயின்ட் ஓமெர் கொடியோடு ஒருவன். தானிய லாரி ஓட்டுகிற லூசியன் கோத்ரி. அவன் கண்ணாடியை இறக்க, அவளும் இறக்கினாள்.

“என்ன லூசியன், டிக்கெட் கெடைக்கலையா?”

“டிக்கெட்டு பையிலதான் இருக்கு. எம் பொண்டாட்டி உள்ள விடமாட்டேங்கிறா. நான் பாத்தா எங்காளுங்க தோத்துருவாங்களாம்.”

“அப்ப அந்த மூணு தடவையும்?”

“வண்டியிலதான். மூணு கோப்பையும் எங் காதுதான் ஜெயிச்சுது, கண்ணு பாக்கல.”

வெர்னாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷப் பழியில் பாதிக்கு இன்னோர் ஆள் பங்குக்கு வந்துவிட்டானே.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டில் நின்றது. முதல் கோல் போடுகிறவர்களுக்கே வெற்றி என்கிற கூடுதல் நேரம் போனது, கோல் இல்லை. இரண்டாவது கூடுதல் நேரமும் போனது. ரேடியோக்காரனுக்குத் தொண்டை கட்டி, தவளை பேசுவதுபோல் ஆகிவிட்டது. மூன்றாவது தொடங்கியபோதுதான் வெர்னாவுக்கு விஷயம் பிடிபட்டது.

“யோவ் லூசியன், நீயும் வெளிய, நானும் வெளிய. அப்புறம் எவன் தோப்பான்? இது முடியவே முடியாதுய்யா.”

அவன் அவள் கொடுத்த விதையைக் கொறித்து, தோலைத் துப்பிவிட்டு யோசித்தான். “அப்ப நீ உள்ள போ.”

“நீ போ. உள்ள சுடச்சுடப் பெரோகிக் கொழுக்கட்டை போடுறாங்க, வெங்காயம் வதக்கி.”

“வயிறு சரியில்ல.”

“பெரோகின்னதும் வயிறு சரியில்லாமப் போயிருச்சாக்கும்.”

ஓரெஸ்ட் கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடி வந்தான். “வெர்னா, பசங்க நிக்க முடியாமத் தள்ளாடுறாங்க. ஒருத்தனத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீ என்ன பண்ணித் தொலைச்ச?”

“ஒண்ணும் பண்ணல. அதான் கோளாறே.”

அவள் லூசியனைப் பார்த்தாள். நாளைக்குப் பேருந்தில் ஏறப்போகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் அண்ணன்மார் அந்தப் பனித்தளத்தில் கிடந்து அல்லாடுகிறார்கள். தோற்றால் ஊர் அவளைத்தான் சொல்லும், ஆயுசுக்கும் சொல்லும்.  ஆனாலும், பள்ளிக்கு மட்டம் போடுகிற பிள்ளைக்கு வருமே, அப்படி ஒரு குதியாட்டம் வந்தது.

“ரெண்டு பேரும் சேந்து போவோம். ஒரே நேரத்துல கால வைக்கணும். ஏமாத்தக் கூடாது.”

“எம் பொண்டாட்டி என்னக் கொன்னுருவா.”

“எங்க ஊரே என்னக் கொல்லும். வா.”

வாசற்படியில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி, ஆளுக்கொரு காலை எடுத்து வைத்தார்கள். ஓரெஸ்ட் சிலுவை போட்டுக்கொண்டான். பெரோகி விற்கிறவள் வெர்னாவைக் கண்டதும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வெர்னா யாரையும் பார்க்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டு தடுப்புக் கண்ணாடி வரைக்கும் போனாள், லூசியனும் பின்னாலேயே. வெளிக் குளிரிலிருந்து கூட்டத்தின் வெப்பத்துக்குள் வந்ததும் அவள் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. கழற்றி, சட்டை நுனியால் துடைத்தாள்.

அரங்கம் இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம்.

அவசரமாக மாட்டிக்கொண்டு பார்த்தால், பனியின் மேல் ஒரு குவியலாகப் பையன்கள். யார் என்று தெரியவில்லை.

“யாரு? லூசியன், யாரு போட்டது?”

அவன் தொப்பியைக் கழற்றினான். “உங்காளுங்க” என்றான்.

பின்னால் கிரேலிங்கே எம்பிக் குதித்தது. யாரோ அவள் முதுகில் அறைந்து கட்டிக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள், கத்தினாள், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவரின் தொப்பியைப் பிடுங்கி மேலே வீசினாள். பிறகுதான் உறைத்தது.

“நான் பாக்கலையே. ஐயோ, நான் பாக்கலையே.”

லூசியனின் கண் கலங்கியிருந்தது. தோற்றவனுக்கு அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் நின்றான்.

“பதினாலாம் நம்பர்ப் பையன்” என்று தொடங்கினான். “வலைக்குப் பின்னாலருந்து சுத்தி வந்தான். எங்காளு ஒருத்தன் குறுக்க விழுந்தான், இவன் மட்டையத் தூக்கி அவனத் தாண்டிட்டான். இடது பக்கம் அடிக்கிற மாதிரி காட்டி, வலது பக்கம் மெதுவாத் தள்ளினான். அவ்வளவுதான். எங்க கோல்கீப்பரால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

வெர்னா கண்ணை மூடிக் கேட்டாள். பனித்தளத்தில் இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கத் தொடங்கியிருந்தன.

“இன்னொரு தடவ சொல்லு” என்றாள்.

லூசியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை, தங்கள் கோல்கீப்பர் ஏமாந்து முழங்கால் போட்டதையும் மறைக்காமல் சொன்னான்.