கோழித்தீன் அடுப்பு

ஊரில் இருந்த காலத்தில் என் கணவர் ஒரு விறகுக் கட்டையைக்கூடத் தூக்கியவர் அல்ல. அடுப்படிப் பக்கம் வந்தார் என்றால் பசிக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் ஜெர்மனிக்கு வந்து, ஹம் நகரத்தின் ஓரத்தில் இந்தப் பழைய வீட்டை வாங்கி, ஹோலில் ஒரு விறகடுப்பு நிற்பதைக் கண்ட நாளிலிருந்து விறகுப் பேராசிரியர் ஆகிவிட்டார். ஓக் மரம் எவ்வளவு நேரம் நின்று எரியும், பிர்ச் மரப் பட்டை எப்படி லேசில் பற்றும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் நடக்கும். கோவிலில் யாராவது சுகம் விசாரித்தால்கூட, இந்த வருடம் விறகு காய்ந்த கதையில்தான் பதிலைத் தொடங்குவார்.

பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் ஒருமுறை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அழகாக அடுக்கியிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு அடுக்கில் ஒரு கட்டை வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் இவருக்குச் சோறு இறங்காது. கழற்றிப் போட்ட சட்டை கதிரையில் நாள்கணக்காகக் கிடப்பது மட்டும் கண்ணில் படாது.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை வேலை என்றால் இருட்டோடு புறப்பட வேண்டும். இவர் எனக்கு முன்னால் எழும்பி, அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணியும் ஊற்றி வைத்திருப்பார். நான் இறங்கி வரும்போது ஹோல் சூடாக இருக்கும். மூக்கு நுனியில் கரியோடு, அன்றைய விறகு எப்படிப் பற்றியது என்று சொல்லத் தொடங்குவார். நான் பாதியைக் கேட்பேன். மீதிக்கு "ம்" போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

போன வருடம் இவருக்குத் தோள்மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தொழிற்சாலை வேலை அதோடு நின்றுவிட்டது. இனிக் கோடாலியைத் தொடக்கூடாது, மறுபடி கிழிந்தால் கையைத் தூக்கவே முடியாமல் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மற்றக் கையால் கொத்தத் தொடங்கினார். கோடாலிச் சத்தம் கேட்டு நான் பின்கதவைத் திறந்தால், வானத்தில் குருவி பார்க்கிறவர் போல நிற்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, ஒரு கட்டையைத் தூக்கும்போது அவர் முகம் கோணியதைக் கண்டேன். அன்று பயம் பிடித்தது.

மியூனிக்கில் வேலை செய்யும் மகள்தான் பெலட் அடுப்பு என்று ஒன்று இருப்பதைச் சொன்னாள். மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னத் துண்டுகளை மேலே கொட்டிவிட்டால், மீதி வேலையை அடுப்பே பார்த்துக்கொள்ளுமாம். மாதிரிக்கு ஒரு பொட்டலமும் எடுப்பித்தோம். இவர் அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"கோழித்தீன் மாதிரிக் கிடக்கு. இதை எரிச்சோ மனிசர் குளிர் காயிறது?"

"தானாய்ப் பத்தும், தானாய் நூரும், அப்பா. ஃபோனிலேயே எல்லாம் செய்யலாம்" என்றாள் மகள் டெலிபோனில்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

பகிடியாகத்தான் கேட்டார். கேட்ட கையோடு டெலிபோனை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய் விறகு அடுக்கின் முன்னால் நின்றார். வேலையும் போய் விறகும் போனால் இந்த வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி. அது எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் எனக்கு அவருடைய கை வேண்டும். பெலட் அடுப்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

அடுப்புப் பூட்ட ஒரு டெர்மின் கிடைத்து, குறித்த நாளில் வேலைக்காரர் வந்து பழையதைக் கழற்றி எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபோது, இவர் பால் சட்டியோடு வந்து நின்றார். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் பழைய அடுப்பின் மேல்தான் பால் காய்ச்சினோம். புது அடுப்பு வந்தால் அதிலும் காய்ச்சத்தானே வேண்டும். நான் மறுக்கவில்லை, சட்டியைக் கழுவிக் குங்குமம் வைத்துக் கொடுத்ததே நான்தான்.

மேலே எதையும் வைக்கக்கூடாது என்றார் வேலைக்காரர். இவர் தன்னுடைய ஜெர்மனில் பொறுமையாக விளங்கப்படுத்தினார்: பால் பொங்க வேண்டும், பொங்கி வழிந்தால்தான் வீட்டுக்கு நல்லது. வழிய வேண்டும் என்று கேட்டதும் அந்த மனிதரின் முகம் வெளிறிவிட்டது. கடைசியில் கால்வாசிப் பால் மட்டும் என்று ஒத்துக்கொண்டு, தானே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. பால் அசையவில்லை. சூட்டை எல்லாம் விசிறி முன்பக்கத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மூவரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றோம். இவர் விரலை விட்டுப் பார்த்தார்.

"குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டலாம்" என்றார். அந்த வாரத்தில் அவர் முகத்தில் நான் கண்ட முதல் சந்தோஷம் அது. "பால் பொங்காததும் ஒரு அடுப்போ?"

விட்டால் பழைய அடுப்பைத் திரும்பப் பூட்டச் சொல்லிவிடுவார் என்று, சட்டியைக் குசினிக்குத் தூக்கிப் போய் மின்சார அடுப்பில் பொங்கவைத்துக் கொண்டுவந்தேன். வேலைக்காரர் சீனி போட்டு ரசித்துக் குடித்தார். சலவை மெஷின் வாங்கினாலும் இப்படித்தானா என்று கேட்டார். "இல்லை, அதுக்குச் சந்தனப் பொட்டு மட்டும்" என்றார் இவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அதன் பிறகு மகள் மியூனிக்கில் இருந்தபடியே ஃபோனில் நேரம் குறித்து ஹம்மில் அடுப்பு மூட்டினாள். எனக்குக் காலை வேலை வந்த முதல் நாள் இறங்கி வந்தால், ஹோல் கதகதவென்று இருந்தது. ஒருவரும் இல்லை. இவர் மேலே நித்திரை. தோளுக்கு ஓய்வு வேண்டும் என்று சண்டை பிடித்தவள் நான்தானே. தேத்தண்ணியை நானே ஊற்றி நின்றபடி குடித்தேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். எனக்கு அழுகை வந்தது. அடுப்பின் மேல் எரிச்சலும் வந்தது. இவரோ பகல் முழுக்க சோபாவில் இருந்து, போக மனமில்லாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பின்னேரம் சொல்லியேவிட்டேன். "இஞ்சாருங்கோ, விடியக் காலமை வீடு சூடாய்த்தான் கிடக்கு. ஆனா நீங்கள் இல்லை."

"நான் எழும்பி என்ன செய்யிறது? அதுதானே எல்லாத்தையும் செய்யுது."

"அது என்னோடை கதைக்காது."

இவர் தோளுக்குத் தைலம் பூசிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை இறங்கி வந்தால் ஹோல் ஐஸ் பெட்டி போல இருந்தது. அடுப்பின் கண்ணாடி இருட்டாகக் கிடந்தது. பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். அதன் முன்னால் ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக இவர் இருந்தார். பக்கத்தில் தேத்தண்ணி. மகளுக்கு ஃபோன் எடுத்து, தானாகப் பற்றுவதை நிப்பாட்டச் சொல்லியிருக்கிறார்.

"இரும். இப்பதான் பத்த வைக்கப் போறன்" என்றார்.

நான் உட்காரும் வரை பொறுத்திருந்து, நல்ல கையின் விரலால் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. "முதல் தீன் விழும், சத்தம் கேக்குதோ? பிறகுதான் உள்ளுக்கை இருக்கிற கம்பி சூடாகும்..." என்று தொடங்கினார். நெருப்பு வர நேரம் எடுத்தது. கோட்டைக் கழற்றாமல், பல் கிடுகிடுக்க, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பிறகு?" என்று கேட்டேன்.